பழைய ரேடியோவுக்குள் ஒளிந்திருக்கும் விஷங்கள்: ஒரு வரலாறு

தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கும் ஊர் விக்கிரமசிங்கபுரம். மேற்கே பாபநாசம், அதற்கும் மேலே பொதிகை மலை. ஊருக்கு அடையாளம் பஞ்சாலை. இந்த மாதிரி ஆலை ஊர்களில் ஒரு காலத்தில் ரேடியோ வாங்குவது என்பது வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்த மாதிரி. தார்சாவில் உயரமான இடம் பார்த்துப் பலகை அடித்து, மேலே பூப்போட்ட துணி போட்டு வைப்பார்கள். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி. என்று பெயர் சொன்னாலே பெரியவர்கள் முகம் மலரும்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, டி.வி. வந்தது. அந்த மரப்பெட்டி பரணுக்குப் போனது. இப்போது அதே பெட்டி "விண்டேஜ்" என்ற பெயரில் திரும்பக் கீழே இறங்குகிறது. பலர் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். சிலர் வீடியோ பார்த்துத் தாங்களே திறந்து பழுது பார்க்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கம்பியும் வால்வும் மட்டும் இல்லை. கல்நார், குளோரின் கலந்த மெழுகு, ஈயம், சில நேரம் ரேடியம் கூட இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த விஷப் பொருள்களில் பெரும்பாலானவை "பாதுகாப்பு" என்ற பெயரில்தான் உள்ளே வந்தன. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் மின்சாரம்

இந்தப் பள்ளத்தாக்கில் இயந்திரம் ஓடுவதற்கு ஆறுதான் காரணம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை தொடங்கியபோது பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பித்தான் தொடங்கினார்கள். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்க ஆரம்பித்தது.

ரேடியோ அதற்கு முன்பே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார். பணமில்லாமல் அது 1927-ல் நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. திருநெல்வேலிக்குச் சொந்த நிலையம் கிடைத்தது 1963-ல். நெல்லைக்காரர்களுக்கு இலங்கை வானொலியும் கடல் தாண்டித் தெளிவாகக் கேட்டது. அதனால் ரேடியோ மோகத்துக்குக் குறைவே இல்லை.

மின்சாரம் எட்டாத கிராமங்களில் பேட்டரி செட்டுகள். அவற்றில் சிலவற்றுக்குக் கந்தக அமிலம் ஊற்றிய ஈய பேட்டரி. சார்ஜ் செய்ய டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆக, ரேடியோவும் ஆபத்துப் பொருளும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்துதான் வந்தன.

மின்சார செட்டில் இன்னொரு ஆபத்து. வால்வு ரேடியோவுக்குள் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்களில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். "ஏசி/டிசி" என்று விற்ற மலிவான செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் போதும், சட்டம் முழுவதும் 230 வோல்ட்! திருகுக் குமிழ் கழன்று விழுந்திருந்தால் அதன் தண்டைத் தொட்டாலே ஷாக்.

ஆகவே மற்ற எல்லா விஷத்துக்கும் முன்னால் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். பரணிலிருந்து இறக்கிய செட்டை உடனே பிளக்கில் சொருகக் கூடாது. கன்டென்சரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்துக் கொடுப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுத்துவிடும், செட் பிழைக்கும். ஏசி/டிசி செட் என்றால் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

தீயைத் தடுக்க வந்த கல்நார்

வால்வு சூடாகும். மரப்பெட்டி தீப்பிடிக்கும். இதற்கு அன்றைய கம்பெனிகள் கண்ட வழி, வால்வுக்கு மேலே பெட்டியின் உட்புறத்தில் ஒரு கல்நார்த் தாளை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தாளை, ஒட்டிவிடுவது. சில ஏசி/டிசி செட்டுகளில் மின்சார ஒயரே சூடாகும்படி செய்யப்பட்டிருக்கும். அந்த ஒயருக்குள்ளும் கல்நார் இழை சுற்றியிருக்கும். தீயிலிருந்து காப்பாற்ற வந்தது அது.

ஆனால் கல்நாரின் ஆபத்து ரேடியோ பரவலாவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நாரை நூலாக நூற்கும் ஆலையில் வேலை செய்தார். நுரையீரல் கெட்டு 1924-ல் 33 வயதில் இறந்தார். வில்லியம் குக் என்ற மருத்துவர் அவர் நுரையீரலைச் சோதித்து, கல்நார்த் தூசிதான் காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். 1927-ல் அந்த நோய்க்கு "ஆஸ்பெஸ்டோசிஸ்" என்ற பெயரும் வைத்தார். கம்பெனி அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடும் தரவில்லை, அடக்கச் செலவும் தரவில்லை. பெயர்ப்பலகை இல்லாத கல்லறையில் அவரைப் புதைத்தார்கள்.

நூற்பாலை ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். பஞ்சுத் தூசி நெஞ்சில் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். கல்நார்த் தூசி அதைவிடப் பல மடங்கு மோசம். உள்ளே போனால் திரும்பி வராது. புற்றுநோய் 20, 30 வருடம் கழித்துக்கூட வரலாம்.

இங்கிலாந்து 1999-ல் கல்நாரை முழுவதும் தடை செய்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார்ப் பயன்பாட்டுக்கு முழுத்தடை வரவில்லை. ஆனால் 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை, கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் காக்க வேண்டும், நோய் உறுதியானால் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 40 ஆண்டு என்று நீதிமன்றம் சொன்னதிலிருந்தே இந்தத் தூசி எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் என்று தெரிகிறது.

ரேடியோவுக்குள் சாம்பல் நிறத்தில் நார் நாராக ஒரு தாள் தெரிந்தால் அதைச் சுரண்டக் கூடாது, உப்புத்தாள் போடக் கூடாது, பிரஷ்ஷால் தட்டக் கூடாது, ஊதவும் கூடாது. நல்ல நிலையில் இருந்தால் மேலே பெயின்ட் பூசி அப்படியே மூடிவிடுவது உத்தமம். கிழிந்து தொங்கினால் தண்ணீர் தெளித்து நனைத்து, தூசி வடிக்கும் முகக்கவசம் போட்டு, ஈரத்தோடு எடுத்து இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனர் தூசியை வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

தீப்பிடிக்காத எண்ணெய், தண்ணீர் புகாத மெழுகு

அடுத்தது கன்டென்சர். பழைய செட்டுகளில் தாளையும் உலோகத் தகட்டையும் சுருட்டி மெழுகில் முக்கியிருப்பார்கள். சாதாரண மெழுகு ஈரத்தை இழுக்கும், எளிதில் எரியும். அதற்கு மாற்றாகக் குளோரின் சேர்த்த நாஃப்தலீன் மெழுகு வந்தது. எரியாது, ஈரம் ஏறாது. ஆனால் அதை உருக்கிய தொழிலாளர்களின் முகமெல்லாம் கொப்புளம். 1936-ல் அமெரிக்காவில் சிலர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கர் ஆராய்ந்து 1937-ல் முடிவை வெளியிட்டார். அப்படியும் உற்பத்தி உடனே நிற்கவில்லை.

இதன் உறவுக்காரப் பொருள்தான் பி.சி.பி. என்ற பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். (சர்க்யூட் போர்டைக் குறிக்கும் பி.சி.பி. வேறு, இது வேறு!) 1929-ல் அமெரிக்காவில் வணிக உற்பத்தி தொடங்கியது. கொதித்தாலும் தீப்பிடிக்காத எண்ணெய் என்பதால் டிரான்ஸ்ஃபார்மரிலும் பெரிய கன்டென்சரிலும் ஊற்றினார்கள். 1968-ல் ஜப்பானில் தவிட்டு எண்ணெய் ஆலை ஒன்றில் குழாய் ஓட்டை வழியாக இது சமையல் எண்ணெயில் கலந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்கா 1979-ல் உற்பத்தியைத் தடை செய்தது. 2001-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 2006-ல் அதை ஏற்றது. 2016-ல் மத்திய அரசு ஆணை போட்டு இதன் உற்பத்தியையும் இறக்குமதியையும் தடை செய்தது.

வீட்டு ரேடியோவில் பெரும்பாலும் மெழுகுக் கன்டென்சர்தான். பி.சி.பி. இருக்க வாய்ப்பு அதிகம் உள்ளவை எண்ணெய் நிரப்பிய தகர டப்பாக் கன்டென்சர்கள். டிரான்ஸ்மிட்டர், பெரிய ஆம்ப்ளிஃபயர், பழைய டியூப்லைட் சோக் போன்றவற்றில் இவை உண்டு. எது எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே கசியும் டப்பா எதுவானாலும் ரப்பர் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். தனியாகப் பையில் கட்டிவிட வேண்டும். முக்கியமாக, எரிக்கக் கூடாது. குளோரின் உள்ள எண்ணெயும் மெழுகும் எரிந்தால் வருகிற புகை அந்த எண்ணெயைவிடக் கொடியது.

மலையடிவாரத்தில் சாரல் காற்றும் மழை ஈரமும் அதிகம். தாள் கன்டென்சர் முதலில் கெடுவது இந்த மாதிரி ஊர்களில்தான். அதனால் பழைய செட்டைத் திறந்தால் முதலில் மாற்றப்படுவதும் அதுதான். கழற்றிய பழசு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் குப்பைக்கு. குப்பை பெரும்பாலும் தீக்கு.

மெக்கானிக் கடை பாட்டில்

பழைய ரேடியோ கடைகளில் "சி.டி.சி." என்று ஒரு பாட்டில் இருக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு. பேண்ட் சுவிட்ச், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் கரகரத்தால் இதில் தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். பெட்ரோல் தீப்பிடிக்கும், இது பிடிக்காது. பிடிக்காதது மட்டுமல்ல, தீயணைக்கும் கருவியிலேயே இதைத்தான் நிரப்பினார்கள். துணியில் எண்ணெய்க் கறை எடுக்கவும் இதுதான்.

கையில் பட்டாலும், மூச்சில் போனாலும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மது குடிப்பவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். சூடான பொருளின் மேல் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. சின்னக் கடை, ஜன்னல் இல்லை, பக்கத்திலேயே சூடான சால்டரிங் அயர்ன். நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் இது தடை செய்யப்பட்டதற்குக் காரணம் மெக்கானிக்கின் கல்லீரல் அல்ல, ஓசோன் படலம். 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியா 2010 தொடக்கத்தில் இதன் பயன்பாட்டைக் கைவிட்டது. இன்று அதே வேலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் செய்கிறது. அது தீப்பிடிக்கும், காற்றோட்டமும், பக்கத்தில் நெருப்பு இல்லாமலும் இருந்தால் போதும். பழைய கடையைக் காலி செய்யும்போது பெயர் தெரியாத பாட்டில் கிடைத்தால் முகர்ந்து பார்க்கக் கூடாது.

இருட்டில் ஒளிர்ந்த எழுத்து

ரேடியத்தைக் கியூரி தம்பதியர் 1898-ல் கண்டுபிடித்தார்கள். அதைத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்து பூசினால் இருட்டில் எழுத்து ஒளிரும். கடிகாரம், விமான மீட்டர், ராணுவ ரேடியோ எல்லாவற்றிலும் பூசினார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் இளம்பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். பிரஷ் முனை கூராக இருக்க, உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். தாடை எலும்பு உளுத்துப் பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையரும் வேறு நான்கு பெண்களும் 1927-ல் வழக்குப் போட்டார்கள். 1928-ல் சமரசம் ஆனது. ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர். அந்தப் பெயின்டைக் கண்டுபிடித்த சோக்காக்கியும் அதே 1928-ல் ரத்தசோகையால் இறந்தார்.

வீட்டு ரேடியோ டயலில் ரேடியம் இருப்பது அரிது, அதற்குச் சின்ன பல்புதான் வெளிச்சம். இரண்டாம் உலகப்போர்க் கால ராணுவ ரேடியோ, மீட்டர், சுவிட்ச் முனை இவற்றில்தான் கவனம் தேவை. போர் முடிந்ததும் உபரிச் சரக்காக விற்கப்பட்ட அந்தச் சாமான்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் சுற்றுகின்றன.

"இப்போது ஒளிரவில்லையே, அப்போ தீர்ந்துவிட்டது" என்று பலர் நினைப்பது தவறு. கெட்டுப்போனது துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடிக்குள் மூடியிருக்கும் வரை அதைத் திறக்காமல், படுக்கையறையில் வைக்காமல் இருந்தால் போதும். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டினால்தான் தூசி வாய்க்குள்ளும் மூச்சுக்குள்ளும் போகும். பக்கத்தில் வைத்துச் சாப்பிடக் கூடாது.

மணவாளக்குறிச்சி மணல்

இங்கே பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுவது நியாயம். நெல்லைக்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து தோரியம். முதலில் கேஸ் விளக்கு வலைக்கு. பிறகு 1920களின் தொடக்கத்தில் வந்த ரேடியோ வால்வுகளில் டங்ஸ்டன் இழையோடு கொஞ்சம் தோரியம் சேர்த்தார்கள், எலக்ட்ரான் எளிதாக வெளியேற.

தோரியம் என்றதும் வால்வைக் கண்டு ஓட வேண்டாம். அளவு மிகச் சிறியது, கண்ணாடிக்குள் இருக்கிறது. பின்னால் வந்த பெரும்பாலான வீட்டு ரேடியோ வால்வுகளில் அது கூடக் கிடையாது. வால்வின் உச்சியில் தெரியும் வெள்ளி நிறப் பூச்சு பாதரசமும் அல்ல, பேரியம். வால்வு உடைந்தால் முதல் ஆபத்து கண்ணாடிச் சில்லுதான்.

ஈயமும் செலினியமும்

சால்டரில் ஈயம் உண்டு. உருக்கும்போது வரும் புகை பெரும்பாலும் ரோசின் புகை, அது ஆஸ்துமாவைக் கிளப்பும். ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாகத்தான். சால்டரைத் தொட்ட கையால் வடை சாப்பிட்டால் முடிந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரட்டிப்புக் கவனம்.

சில செட்டுகளில் சதுரத் தகடுகளை அடுக்கிய மாதிரி ஒரு உறுப்பு இருக்கும். அது செலினியம் ரெக்டிஃபயர். கருகினால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வரும், அந்தப் புகை நச்சு. நாற்றம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். சிலிக்கான் டையோடை மாற்றும்போது தொடரில் ஒரு ரெசிஸ்டரும் போடுவது அவசியம். இல்லாவிட்டால் வோல்டேஜ் ஏறி மற்ற உறுப்புகள் கெடும்.

யார் கணக்கில் பற்று?

இவ்வளவு கதையிலும் ஒரு பொதுவான கணக்கு இருக்கிறது. பொருளை விற்றவர் லாபத்தை அன்றே எழுதிக்கொண்டார். ஆபத்து என்ற பொறுப்பு எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஏறவில்லை. அது நூற்ற பெண், மெழுகு உருக்கிய தொழிலாளி, சி.டி.சி. தொட்ட மெக்கானிக் என்று கைமாறி, கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய் நிற்கிறது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் 2001-ல் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டன. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குத் தீர்வு கிடைக்க 2016 ஆனது. அதைவிடப் பயங்கரம் டெல்லி மாயாபுரி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி 2010-ல் பழைய சாமானாக ஏலம் போனது. உள்ளே கோபால்ட்-60. கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். பிரித்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

ரேடியோவில் இருக்கும் ரேடியத்தை மாயாபுரியோடு ஒப்பிட முடியாது, அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் தவறு ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அடுத்தவர் கையில் கொடுப்பது.

இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2022-ல் போட்ட புதிய விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடக்கின்றன. கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் சாரம். சந்தேகமான கதிர்வீச்சுப் பொருள் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் சின்ன ஊர்களில் மறுசுழற்சியாளர் பக்கத்தில் இருக்க மாட்டார். அதனால் பழைய ரேடியோ ஆர்வலர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கழற்றிய கன்டென்சர், கல்நார்த் தாள், ரெக்டிஃபயர் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, வெளியே தமிழில் பெயர் எழுதி ஒட்டி, சேர்ந்ததும் பெரிய ஊரில் உள்ள பதிவு பெற்ற இடத்தில் கொடுப்பது. செட்டை விற்றால், உள்ளே எது மாற்றப்பட்டது, எது இன்னும் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிடுவது. ஐந்து நிமிட வேலை.

அந்த மரப்பெட்டி மறுபடி பாட வேண்டும்தான். வால்வு மெல்லச் சூடாகி, பச்சைக் கண் திறந்து, கரகரப்புக்கு நடுவே திருநெல்வேலி நிலையம் பிடிபடும் சுகமே தனி. திறப்பதற்கு முன்னால் காற்றோட்டமான இடம், கையுறை, முகக்கவசம், ஒரு மீட்டர். முடித்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். கழற்றியதைத் தெருவில் போட்டு எரிக்காமல் இருத்தல். இவ்வளவும் செய்தால், நெல்லி கெர்ஷாவில் தொடங்கிய அந்தப் பழைய கடன் நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் தலையில் வந்து விழாது.